உயிரோடிருப்போர் வரிசையில் உன் அப்பா

தம்பி, என் பிள்ளை, நீ என்னை ஒரு செத்த மனிதனுக்குக் காவல் வைத்திருக்கிறாய். அதைப் பாசம் என்று வேறு சொல்லிக்கொள்கிறாய். பாரிசில் இருந்துகொண்டு, குருநகரில் நான் யாருடைய மனைவியாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறாய். போன ஞாயிறு இதைத்தான் போனில் சொல்லத் தொடங்கினேன். நீ பாதியில் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவும் இல்லை. நான் அனுப்புகிற செய்திகளை நீ வாசிக்கிறாய் என்பது எனக்குத் தெரிகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அதனால் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். ஊர் கதைக்கும் என்று பயப்படுகிறாய். ஊர் ஏற்கனவே கதைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இனி என் வாயால் கேட்டுவிட்டுக் கதைக்கட்டும்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் வைக்கிறேன். செபமாலை என்னைக் கல்யாணம் முடிக்கக் கேட்டார், நான் ஓம் என்றேன். கோயிலில் முடிப்பதற்கு ஒரே ஒரு தடை உன் அப்பா. அலோசியஸ் காணாமல் போனவர். செத்தவர் என்று இதுவரை எவரும் எந்த இடத்திலும் அறிவிக்கவில்லை. கல்யாணத்தை அவிழ்ப்பது சாவு ஒன்றுதான் என்பது எங்கள் வேதம். ஆள் எத்தனை வருடமாக வரவில்லை என்பதை வைத்துத் திருச்சபை முடிவெடுப்பதில்லை. விசாரித்து, ஆள் இறந்துவிட்டார் என்று மனச்சாட்சிக்குத் தெளிவான பிறகு ஆயர்தான் அதைச் சொல்ல வேண்டும். அதற்கு இரத்த உறவுகள் வந்து, தங்களுக்குத் தெரிந்ததையும் தாங்கள் நம்புவதையும் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா, உன் திரேசா மாமி, போய்ச் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது நீ. நத்தார், கிறிஸ்மஸ் லீவுக்கு வருகிறாய். வந்ததும் பங்குத் தந்தை முன்னால் இருந்து சொன்னாயானால் தவக்காலம் தொடங்க முன்னர் எங்கள் கல்யாணம் நடக்க இடமுண்டு என்கிறார் அவர், பிந்தினால் உயிர்த்த ஞாயிறுப் பாஸ்காவுக்குப் பிறகு. நீ மாட்டேன் என்றால், சொந்த மகனே நம்பாத ஒரு சாவை ஆயர் எப்படி அறிவிப்பார்?

நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிறகு நான் கூட்டிச் சொன்னேன் என்று நீ சொல்லக்கூடாது. "அம்மா, அவரோடை இருக்கிறதெண்டா இருங்கோ. நான் ஒண்டும் சொல்ல மாட்டன். இஞ்சை பிரான்சிலை ஆர் இப்ப கோயில்லை கல்யாணம் கட்டினம்? ஆனா அப்பா செத்திட்டார் எண்டு என்ரை வாயாலை சொல்லச் சொல்லாதேங்கோ." அதாவது, உன் கணக்கு இப்படி. நான் ஒருவரோடு கள்ளமாய் இருக்கலாம். மணி அடித்து, பூசை வைத்து, மோதிரம் மாற்றக்கூடாது. நற்கருணை எடுக்காமல் பின் வரிசை வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கலாம். நீ மட்டும் நல்ல மகனாக அங்கே இருப்பாய். உன் நல்ல பெயருக்கு நான் என் நற்கருணையைக் கொடுக்க வேண்டும். தம்பி, எனக்கு இன்னும் நாற்பத்தைந்து ஆகவில்லை. நான் பின் வாங்குக்குப் போகிற ஆள் இல்லை. கல்யாணம் என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. அரைக் கல்யாணத்தில் இத்தனை வருடம் இருந்து பார்த்துவிட்டேன். இன்னொரு அரைக் கல்யாணத்துக்கு என்னை அனுப்பாதே.

அப்பா போன நாளைப் பற்றி நீ கேட்டபோதெல்லாம் உன் வயதுக்கு ஏற்றபடி சொல்லியிருக்கிறேன். இப்போது ஆம்பிளை ஆகிவிட்டாய், முழுவதையும் கேள். நீ அப்போது முன்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாய். ஊரடங்குச் சட்டத்தைக் கொஞ்ச நேரம் எடுத்திருந்தார்கள். படகு எஞ்சினுக்குப் பிளக் வாங்க வேண்டும் என்று அப்பா சைக்கிளில் வெளிக்கிட்டார். "கெதியா வந்திடுவன், பெடியனைக் குளிக்க வார்த்து வை," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தேடிப் போனபோது கடை வாசலில் சைக்கிள் பூட்டியபடி நின்றது. கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு, "எனக்கு ஒண்டும் தெரியாது தங்கச்சி, நீர் போம்," என்றார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை, அவருக்கும் பிள்ளைகள் இருந்தன. பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆமி முகாம் முகாமாக ஏறி இறங்கினேன். எல்லா வாசலிலும் ஒரே பதில்: அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை. பூட்டிய சைக்கிளை வைத்துவிட்டு ஒரு மனிதன் தானாகவே கரைந்து போனான் என்று நான் நம்ப வேண்டுமாம்.

நான் காத்திருக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. காணாமல் போனவர்களைக் கேட்டுப் போராடுகிற வீதியோரக் கொட்டகையில் அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மற்றத் தாய்மாரோடு நானும் இருந்தேன். தேர்தல் வருகிறபோது வேட்டிக்காரர்கள் வந்தார்கள், கண் கலங்கினார்கள், எங்களோடு நின்று படம் எடுத்தார்கள், போனார்கள். ஓர் அலுவலகத்தில் கூப்பிட்டு, மரணச் சான்றிதழ் தருகிறோம், கையெழுத்து வையுங்கோ என்றார்கள். நான் வைக்கவில்லை. இதைத்தான் நீ இப்போது எனக்கு எதிராகத் திருப்புகிறாய். "அண்டைக்கு மாட்டன் எண்டியள், இப்ப ஏன் ஓம் எண்டுறியள்?" என்கிறாய். நல்ல கேள்வி, பதில் சொல்கிறேன். அந்த அலுவலகத்துக்கு ஒரு பைல் கோவையை மூட வேண்டியிருந்தது. எப்படிச் செத்தார், யார் கையில் செத்தார் என்று அவர்கள் கேட்கவும் இல்லை, கேட்க விடவும் இல்லை. பாதர் என்னிடம் முதலாவதாகக் கேட்டதே அதுதான்: "அவர் எப்பிடி இறந்திருப்பார் எண்டு நீங்கள் நம்புறியள், அம்மா? அவசரம் இல்லை, யோசிச்சுச் சொல்லுங்கோ." இந்த நாட்டில் ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அங்கேயே இருந்து அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் எடுத்துவந்து வைத்தார்.

ஏன் நம்புகிறேன் என்பதும் உனக்குத் தெரியும். தெரியாதது போல நடிக்கிறாய். போன வருடம் பாஸ்கா முடிந்த கிழமை மாமியைத் தேடி ஒருவர் வந்தார். அப்பாவோடு ஒரே அறையில் அடைக்கப்பட்டிருந்தவர். இத்தனை காலம் பயத்தில் வாய் திறக்காமல் இருந்து, பிள்ளைகளிடம் வெளிநாடு போக முன்னர் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். அப்பாவின் முன்பல் உடைந்திருந்ததைச் சொன்னார். மகன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கதைப்பார் என்றார், உன் வீட்டுப் பெயரைச் சரியாகச் சொன்னார். ஒரு விடியற்காலை அப்பாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்களாம். கை தொங்கிக்கொண்டு போனதாம். நான் இதைப் போனில் சொன்னபோது நீ, "உவங்கள் பொய் சொல்லுவாங்கள் அம்மா," என்றாய். பொய் சொல்லி அந்த மனிதருக்கு என்ன கிடைத்தது? மாமி போட்டுக் கொடுத்த பிளேன்ரீயைக்கூட அவர் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகும் எனக்குத் துணிவு வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை, பூசையில் பெயர் சொல்லி மன்றாட, அப்பாவுக்குப் பூசைக் கருத்துக் கொடுப்பேன் அல்லவா? எங்கள் கோயிலில் முதலில் உயிரோடு இருப்பவர்களுக்கான கருத்துகளை வாசிப்பார்கள், பிறகு இறந்தவர்களின் பெயர்களை. நோயாளிகளுக்கும், பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கும், கனடா விசா கேட்டிருப்பவர்களுக்கும் நடுவில் அலோசியஸ் என்ற பெயர் வரும். நீ அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாய். அந்த மனிதர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகும் நான் அதே வரிசையில்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையை மாற்றுகிற கை எனக்கு இருக்கவில்லை.

இந்த நவம்பரில், மரித்த விசுவாசிகளின் மாதத்தில், வாசித்தவர் எங்கள் ஓய்வு பெற்ற மாஸ்ரர். அன்றைக்குப் பெயர்கள் அதிகம். கட்டுக் கட்டாக வாசித்துக்கொண்டு போனவர், இறந்தவர்களின் பெயர்களுக்கு நடுவில் அலோசியஸ் என்று வாசித்துவிட்டார். வாசித்த பிறகு அவருக்கே விளங்கிவிட்டது. நின்றுவிட்டார். முன் வாங்குகளில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சனம் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. முடிவில்லாத ஒளி அவர்கள் மேல் ஒளிர்வதாக என்று எல்லோரும் சேர்ந்து சொல்வோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தம்பி, நான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. என் வாய் சொல்லிவிட்டது. அடுத்ததாக மாமி சொன்னார். பிறகு கோயில் முழுக்கச் சொன்னது. அந்த நேரம் எனக்கு வந்தது துக்கம் என்று நீ நினைப்பாய். துக்கம் இல்லை. கனகாலமாகக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற ஒரு பிள்ளையை வேறு ஒருவர் வந்து வாங்கிக்கொண்டது போல இருந்தது.

பூசை முடிந்ததும் மாஸ்ரர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளும். கடுதாசி மாறிப்போச்சு. வாற ஞாயிறு திருத்தி வாசிக்கிறன்."

மாமி விடவில்லை. "ஒண்டும் திருத்த வேண்டாம், மாஸ்ரர். என்ரை தம்பிக்கு முதல்முதலா ஒரு பூசை ஒழுங்கா நடந்திருக்கு. நீங்கள் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ, விழப்போறியள்."

பூசை முகநூலில் நேரலையாகப் போனது. நீ அங்கே படுக்கையில் கிடந்து பார்த்திருக்கிறாய். கோயில் வாசலை நான் தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. "ஆர் அம்மா அப்பான்ரை பேரை அதுக்குள்ளை குடுத்தது? நீங்கள்தானே?" என்று கத்தினாய். நான் கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்திருக்க வேண்டியவள் நான்தான். ஒரு கிழவரின் கைப்பிழைக்கு அதை நான் விட்டிருக்கக்கூடாது.

இனி செபமாலையைப் பற்றி. ஜெற்றிப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவர் என்பது உனக்குத் தெரியும். உன் சின்ன வயதுச் சைக்கிளுக்கு அவர் செயின் போட்டுக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கும். பெரிய வீரன் இல்லை. குறட்டை விடுவார் என்று அவருடைய தங்கச்சி எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவருடைய மனைவி கான்சரில் படுத்தபோது குளிப்பாட்டியது, பீ மூத்திரம் அள்ளியது எல்லாம் அவர்தான். நோயிலும் துன்பத்திலும் என்று பீடத்தின் முன்னால் எல்லோரும் சொல்கிறோம். சொன்னதை அந்த மனிதர் செய்தார், நான் கண்ணால் பார்த்தேன். அவர் முதலில் மாமியிடம்தான் கேட்டுவிட்டார். அப்பாவின் அக்காவிடமே போய்க் கேட்கிற துணிவைப் பார். நாங்கள் வேலை செய்கிற நண்டுக் கம்பனியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோது மாமி என்னிடம் சொன்னார்: "எடியே, உன்னை அந்த எஞ்சின்காரன் கேக்கிறான். நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. என்னைக் கேட்டிருந்தா நான் நேற்றே ஓம் எண்டிருப்பன், எனக்குத்தான் ஒருத்தரும் வரேல்லை." கொட்டில் முழுக்கச் சிரித்தது. நான் அப்போது மறுத்துவிட்டேன். அந்த நவம்பர் பூசைக்குப் பிறகுதான் ஓம் என்றேன்.

மனைவி செத்து ஆண்டுப் பூசை முடிய முன்னர் கல்யாணம் கட்டிய ஆம்பிளைகள் எங்கள் பங்கில் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும்தானே என்று அவர்களுக்காக ஊரே கதைக்கும். எனக்கு என்ன சொல்கிறார்கள் தெரியுமா? பாதிப் பேர் தாலியைக் கழற்று என்கிறார்கள், பாதிப் பேர் கழற்றாதே என்கிறார்கள். காய்ச்சலில் கிடந்த அன்று கஞ்சி கொண்டுவந்தவர்கள் இந்த இரண்டு பாதியிலும் இல்லை. கருவில் இருக்கிற உயிர் புனிதம் என்று பிரசங்கம் கேட்கிறோம். நானும் அதை முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் சைக்கிளில் பிளக் வாங்கப் போன உயிரும் அதே உயிர்தான். அதைப் பற்றி ஒரு பிரசங்கம் வரும் என்று நான் வருடக்கணக்கில் வாங்கில் காத்திருந்திருக்கிறேன், வரவில்லை. காணாமல் போனவர் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை எல்லோருக்கும் வசதிதான், கொன்றவன் என்று ஒருவன் இல்லை. அப்பா செத்தார் என்று நீயும் நானும் சொல்கிற நாளில்தான், கொன்றது யார் என்று கேட்கிற வாய் எங்களுக்கு வரும். அந்தக் கொட்டகைக்கு நான் இனியும் போவேன். கல்யாணம் முடித்த பிறகும் போவேன். செபமாலை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ பயப்படுகிற ஒன்றை நானும் பாதரிடம் கேட்டேன். "பாதர், ஒருவேளை அவர் வந்தா?" அவர் மழுப்பவில்லை. "வந்தா நீங்கள் அலோசியசின்ரை மனுசிதான், அம்மா. இந்தக் கல்யாணம் கல்யாணமே இல்லை எண்டாகும். அதை ரெண்டு பேரும் விளங்கித்தான் நிக்க வேணும்." நான் செபமாலையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் கிறீஸ் கறை, அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வரட்டும், பாதர். வந்தா முதல் ஆளா நான்தான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பன். என்னோடை பள்ளிக்கூடத்திலை ஒரு வாங்கிலை இருந்தவன். பேந்து என்ரை உடுப்பை எடுத்துக்கொண்டு என்ரை வீட்டை போவன்." தம்பி, இதைவிட உன் அப்பாவுக்கு மரியாதை செய்கிற ஒருவரை நான் எங்கே போய்த் தேட?

கல்யாண ஆயத்த வகுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறோம். பங்கு மண்டபத்தில், உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. வகுப்பு எடுக்கிற ரீச்சர் ஒவ்வொரு சோடியாகக் கேட்டுக்கொண்டு வந்தார், கடவுள் தருகிற பிள்ளைகளை அன்போடு ஏற்றுக்கொள்வீர்களா என்று. எங்களிடம் வந்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது, தாண்டப் பார்த்தார். செபமாலை எழும்பி நின்றார். "ஏன் ரீச்சர் எங்களை விடுறியள்? கடவுள் தந்தா வேண்டாம் எண்டு சொல்ல நான் ஆர்? ஆனா பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுறதுக்கு ஒரு நல்ல முழங்காலையும் சேர்த்துத் தரச்சொல்லுங்கோ." பெடியள் கை தட்டினார்கள். அடுத்த நாள் நண்டுக் கொட்டிலில் மாமி, "எடியே, தொட்டில் வாங்கட்டே?" என்று ஆரம்பித்துவிட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். என் வயதில் வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வந்தால் ஏற்றுக்கொள்வேன், தம்பி. அப்போது நீ முகத்தைச் சுளிக்கக்கூடாது, பெயர் வைக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்குப் பிறகு நான் வருகிற வருடத்தைப் பற்றி யோசித்தேன் என்று எண்ணிப் பார். இனி என்ன நடக்கும் என்று நினைக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

உனக்கும் ஒருத்தி வருவாள். அவளிடம் உண்மையாக இரு என்று எல்லாத் தாய்மாரும் எழுதுவதுதான். அதோடு நான் ஒன்றைக் கூட்டி எழுதுகிறேன். அவள் உயிரோடு உன் முன்னால் நிற்கும்போது அவளைப் பார். உன் மனதில் வைத்திருக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டு அவளோடு வாழாதே. உன் அப்பா என்னோடு வாழ்ந்த கொஞ்சக் காலத்தில் என்னைப் பார்த்தார். கறி உறைப்பென்றால் உறைப்பு என்பார், நான் அழுதால் ஏன் என்று கேட்பார். அந்தக் கல்யாணம் முழுக் கல்யாணம். அது சாவில் முடிந்தது. அதை நான் முறித்ததாக உன் மனதில் எங்கேயாவது இருந்தால் அதை எடுத்து எறி. திருச்சபைகூட அப்படிச் சொல்லவில்லை. நீ ஏன் சொல்கிறாய்?

பாதரிடம் நீ என்ன சொல்வாய் என்று நான் இப்போது கேட்கவில்லை. எனக்காகப் பொய் சொல்லாதே. நீ நம்பாததை நம்புவதாகச் சத்தியம் செய்தால் அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். ஆனால் அவருக்குச் சொல்ல முன்னர் எனக்குச் சொல்ல வேண்டும். நான் உன்னைப் பெற்றவள், அந்த மனிதனுக்கு மனைவியாக இருந்தவள், அந்த உரிமை எனக்கு இருக்கிறது. இதை வாசித்து முடித்ததும் போனை எடு. வேலை என்று சொல்லாதே, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லாதே. அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் நெஞ்சைத் தொட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்: உன் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நீ நம்புகிறாயா?